நெட்டையனுக்கு ஒரு பெல்ட்

விடியற்காலை ஐந்து மணி. ஆலைக்குப் போகும் சாலையில் ஒரு நாய்கூட இல்லை. என் நண்பனுடைய மச்சான் தனியாகப் போகிறார்... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கதவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மச்சான் அங்கே கூரை வேலைக்கு மேஸ்திரி. அவருடைய ஆட்களில் ஒருவன் நெட்டையன். இடுப்பில் கட்ட ஒரு பெல்ட்டும் கயிறும் கேட்டுக் கேட்டு ஓய்ந்தான். "அடுத்த வருஷம் பாப்போம்" என்பார் முதலாளி. ஒருநாள் இற்றுப்போன தகரத்தில் கால் வைத்தான்... அவ்வளவுதான்.

அப்போதும் முதலாளி அசையவில்லை. மச்சான் வேறு வழி பிடித்தார்.

"எதிர் ஆலையில கூரை முழுக்கக் கம்பி இழுத்து, ஆளுக்கொரு பெல்ட் குடுத்துட்டாங்களாம். பாக்க வர்றவங்க அசந்து போறாங்களாம், முதலாளி."

முதலாளிக்கு வயிறு எரிந்தது. ஒரே வாரத்தில் கம்பி வந்தது, அதில் மாட்டக் கொக்கி வைத்த கயிறோடு பெல்ட் வந்தது. சாமான் அறையில் ஆளுக்கொரு ஆணி, அவரவர் உடம்புக்கு ஏற்ப வார் இழுத்து மாட்டியாயிற்று.

ஆனால் இன்னொருவனுக்கும் வயிறு எரிந்தது.

மறுநாள் மச்சான் அறையைத் திறந்தார். குப்பென்று தைல வாசனை... நெட்டையன் முட்டிக்குத் தேய்ப்பானே, அதே தைலம். எல்லா வாரும் நெட்டையனுடைய அளவுக்குத் தளர்ந்து கிடந்தன. தொளதொளத்த பெல்ட்டோடு விழுந்தால் ஆள் நழுவிவிடுவான். இறுக்கி வைத்தார். மறுநாளும் அப்படியே. செத்தவனுக்குப் பொறாமை, வேறென்ன? அவன் கெஞ்சியும் கிடைக்காதது இப்போது எல்லாருக்கும் கிடைத்திருக்கிறது.

"இன்னும் ஒரு பெல்ட் வேணும், முதலாளி. எதிர் ஆலையில ஒண்ணு கூடுதலாத்தான் வெச்சிருக்காங்க."

"அவன் வெச்சா நாம வைக்க மாட்டோமா? வாங்குங்க. நாளைக்கு விடியறப்ப நானே கூரைமேல நின்னு படம் எடுத்துக்கறேன். அவன் பாத்து வேகட்டும்."

சாயங்காலமே பெல்ட் வந்தது. மச்சான் அதை நெட்டையனுடைய அளவுக்கு இழுத்து, தனி ஆணியில் மாட்டினார். "இது உனக்குடா. மத்தவங்கள விட்டுடு."

அதற்கு மறுநாள்தான் அந்த ஐந்து மணி. அறையைத் திறந்தார். ஆட்களுடைய பெல்ட் எதுவும் கலையவில்லை. மச்சானுக்கு உயிர் வந்தது.

நெட்டையனுடைய பெல்ட்டைப் பார்த்தார். தோளில் போடும் மேல்வார் குட்டையாக இறுக்கியிருந்தது. இடுப்பு வார் கடைசித் துளைவரை தளர்ந்திருந்தது. அந்த ஆலையில் அவ்வளவு குட்டை உடம்பும் அவ்வளவு பெரிய தொப்பையும் ஒருவருக்குத்தான்.

கயிற்றின் நுனியில் கொக்கி இல்லை.

மேலே தகரத்தில் டொம்... டொம்... என்று நடை. வாசலில் முதலாளியின் கார் ஹார்ன் கேட்டது.