நாற்பத்தொன்றாம் தகடு

இல்லண்ணே, அந்த நாற்காலி ஆடும். இதுல உக்காருங்க. தண்ணி வந்துடுச்சு பாருங்க, வாங்கிக்குங்க. நீ உள்ள போம்மா.

உங்க தம்பி யாரைத் தேடி உள்ள போனார்னு கேக்கறீங்க. சொல்றேன். சொல்லத்தானே வேணும்.

ஹோட்டல் துணி வெளுக்குற இடம்ண்ணே அது. போர்வை, துண்டு, மேசை விரிப்பு. முந்நூறு வருஷத்துக் கட்டடம்னு வெளியூர்க்காரங்க தெருவுல நின்னு போட்டோ எடுப்பாங்க. உள்ள நாங்க நீராவியில வெந்துகிட்டிருப்போம். பத்து வருஷமா நான் இஸ்திரி மேசையில.

வாசல்ல ஒரு பலகை உண்டு. ஆளுக்கொரு தகடு, நம்பர் போட்டது. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெள்ளை. வந்ததும் வெள்ளையைத் திருப்பணும், போகும்போது சிவப்பை. எட்டு மணி ஒரு நிமிஷத்துக்குச் சூப்பர்வைசர் வந்து பார்ப்பார். கடிகாரம்னுதான் அவரைச் சொல்லுவோம். முள்ளு மாதிரி மீசை. சிவப்பு தெரிஞ்சா அந்த ஆளுக்கு அன்னிக்கு வேலை கிடையாது. மூணு தடவை சிவப்புன்னா என்னிக்குமே கிடையாது. அதனால முன்னாடி வர்றவங்க பின்னாடி வர்றவங்களுக்கும் சேர்த்துத் திருப்பிடுவோம். எல்லாரும் செய்யறதுதான். அவர் நேர்ல கேட்டா, பாத்ரூம் போயிருக்கான்னு சொல்லுவோம். ஒரு நாள் அவரே கேட்டார், என்னம்மா, இங்க வேலை செய்யறவங்களைவிட பாத்ரூம்ல இருக்கறவங்க ஜாஸ்தியா இருக்காங்களேன்னு.

குடிங்கண்ணே. வெயில்ல வந்திருக்கீங்க.

நாப்பத்தொண்ணு என் நாத்தனாரோட நம்பர். வீட்டுக்காரரோட தங்கச்சி. காலையில எழுந்திருக்கவே மாட்டா. ரெண்டு சிவப்பு ஏற்கெனவே வாங்கியாச்சு. அன்னிக்கு, தலைக்கு ஊத்திட்டு வந்துடறேன் அண்ணி, நீங்க திருப்பிடுங்கன்னா. திருப்பிட்டேன்.

எட்டு இருபதுக்குத் துணி வண்டி வந்துச்சு. கையெழுத்துப் போட நான் வாசலுக்கு வந்தேன். பேனா எழுதலை, உதறிகிட்டிருந்தேன். அப்பதான் பாய்லர் வெடிச்சுது. சத்தம் எனக்கு ஞாபகமில்லை. மாடி மொத்தமும் உக்காந்துடுச்சு, வயசானவங்க உக்கார்ற மாதிரி, மெதுவா. வாசல் சுவர் மட்டும் நின்னுச்சு. அதுல பலகை. ஒரு தகடுகூட விழலை.

தீயணைப்பு வண்டியில உங்க தம்பி ஆளுங்க வந்து அந்தப் பலகையைப் பார்த்துத்தான் எண்ணினாங்க. வெளிய வந்தவங்களைக் கழிச்சாங்க, தூக்கினவங்களைக் கழிச்சாங்க. மத்தியானம் ஒரே ஒரு வெள்ளைதான் பாக்கி. நாப்பத்தொண்ணு யாருன்னு உங்க தம்பி கேட்டார். நல்ல உயரம், கன்னத்துல சுண்ணாம்பு. பக்கத்துலயே கடிகாரம் நிக்கிறார், தலையில கட்டோட. என்னையே பார்க்கிறார்.

பாத்ரூம் போயிருக்கா சார்னு சொன்னேன்.

ஏன்னு கேக்காதீங்கண்ணே. நானும் பதினோரு நாளா கேட்டுகிட்டுத்தான் இருக்கேன். கட்டடமே இல்லை. மேசை இல்லை, துணி இல்லை. ஆனா, அவளுக்கு மூணாவது சிவப்பு விழுந்துடும்னு நான் பயந்தேன்.

பாத்ரூம் எங்கன்னு கேட்டார். மாடிப்படிக்குக் கீழன்னேன். அது நிஜம். அங்கதான் இருந்துச்சு. படி பாதி நின்னுகிட்டிருந்துச்சு, மத்தவங்க வேண்டாம்னாங்க. ஒரு பொம்பளைப் பிள்ளை உள்ள இருக்குன்னு சொல்லிட்டுக் குனிஞ்சு போனார். போகும்போது என்னைப் பார்த்து, பயப்படாதீங்கக்கான்னார். இல்ல சார், வாங்கன்னு கூப்பிட ஒரு மூச்சு போதும். எனக்கு வாய் வரலை. கொஞ்ச நேரத்துல படி அவர் மேலயே இறங்கிடுச்சு.

நாப்பத்தொண்ணாம் நம்பர் பொண்ணோட உடல் இன்னும் கிடைக்கலைன்னு பேப்பர்ல போட்டிருக்கான். நீங்களும் அதைப் படிச்சுட்டுத்தான், அந்தப் பிள்ளையோட வீட்டுல ரெண்டு வார்த்தை ஆறுதல் சொல்லலாம்னு வந்திருக்கீங்க.

கிடைக்காதுண்ணே. வெடிச்சப்ப அவ ஈரத் தலையோட தெருமுனையில நின்னுகிட்டிருந்தா. நான் என் கண்ணால பார்த்தேன்.

இப்ப உங்க கையில இருக்கிற டம்ளரைக் கொண்டாந்து குடுத்தாளே, அவதான். குரல் குடுத்தா வருவா. கூப்பிடட்டுமா?