பேரரசனின் வயிறு

நேசகுமார்: "மாணவச் செல்வங்களே! இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது வெறும் பாசியல்ல. பெருங்கடலின்... பேரரசன்!" எப்படி இருக்கு, ஞானம்?

ஞானஜோதி: பேரரசன் இருக்கட்டும். கஞ்சி ஆறுது. காலையில இருந்து எம்புட்டுத் தடவ கக்கூசுக்குப் போயிட்டீக!

நேசகுமார்: நாளைக்கு விருதுநகர் கண்காட்சில பேசணும்ல... அந்தப் பயம்.

ஞானஜோதி: ஆஸ்பத்திரியில எம்புட்டுப் பேரைப் பாக்குதேன். இது பயத்துல போற வயிறு இல்ல.

நேசகுமார்: ஹெச்செம்மும் இன்னைக்கு வயித்தால போகுதுன்னு லீவு.

ஞானஜோதி: அவரா பேசப்போறாரு?

நேசகுமார்: ஸ்கூல் மானம்ல! சிவகாசியில எந்த சயின்ஸ் வாத்தியாருகிட்ட நார்வே கடல்பாசி இருக்கு? பாறையப் பிடிச்சுக்கிட்டு ஆளுயரம் வளந்தது. உன் தம்பி ஜாபஸ் அங்கயிருந்து பிளேன்ல கொண்டாந்தது.

ஞானஜோதி: வீடு பூரா கருவாட்டு வாடை.

நேசகுமார்: இப்ப வாடையே இல்ல. பக்குவப்பட்டுருச்சு! நாளைக்குத் தூத்துக்குடி புரொபசர் வாராரு. மேடையில தொட்டி வச்சு ஊறப்போடுவோம்னாரு. காஞ்ச பாசி அப்படியே விரிஞ்சு...

ஞானஜோதி: தண்ணியிலயா?

நேசகுமார்: பின்ன, மண்ணெண்ணெயிலயா?

ஞானஜோதி: வேண்டாங்க... பெட்டிக்குள்ளயே இருக்கட்டும்.

நேசகுமார்: ஏன்?

ஞானஜோதி: கரைஞ்சிரும்.

நேசகுமார்: கடல்லயே கரையாதது தொட்டியில கரைஞ்சிருமாக்கும்!

ஞானஜோதி: கடல்ல கெடந்தது, இங்கன வீட்டுல அடைமழைக்குப் பூசணம் பூத்துருச்சு. நாந்தான் குப்பையில தூக்கிப் போட்டேன்.

நேசகுமார்: அப்ப... பெட்டிக்குள்ள?

ஞானஜோதி: நீங்க வருத்தப்படுவீகன்னுதான்... எதுத்த வீட்டுக் கருப்பம்மா பட்டாசுக் கம்பெனியில வெடிக்குக் காகிதக் குழாய் சுத்துதால்ல, அவகிட்ட பழுப்புக் காகிதம் வாங்கினேன். நீளமா வெட்டி, பசை தடவிக் காயவச்சோம். ஓரத்துச் சுருக்கமெல்லாம் அவ கைவேலை.

நேசகுமார்: காகிதமா?

ஞானஜோதி: காகிதந்தான். கோவம்னா நாலு வார்த்தை வஞ்சுருங்க.

நேசகுமார்: என்ன பசை?

ஞானஜோதி: கம்பெனிப் பசைதான். மைதா. பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் போடுவாக. வாயில பட்டா வயித்தப் பெரட்டி எடுத்துரும்... ஏங்க, எதுக்கு வேர்க்குது? புரொபசர்கிட்ட, தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிருவோம்.

நேசகுமார்: நேத்துக் காலைப் பிரேயர்ல, பிள்ளைக முன்னால, ஓரத்துல கிள்ளி வாயில போட்டேன். நார்வே கடல் உப்பு அப்படியே இருக்குன்னேன்.

ஞானஜோதி: இருந்துச்சா?

நேசகுமார்: ஹெச்செம்மும் இருக்குன்னாரு. ரெண்டாவது துண்டு அவரே கேட்டு வாங்கித் தின்னாரு.