மஞ்ச அட்டைல மூணாவது பாட்டு

இன்னா பாய் முணுமுணுக்கற, சத்தமா சொல்லு. கேரண்டி கீதுன்றியா, இல்லன்றியா? கீதுல்ல. அப்ப காதுல மாட்டற இந்த எட்போன எட்து உள்ள வையி. ரெண்டு மாசத்துல உங்கடைல மூணு மாத்திட்டேன், மூணும் டூப்ளிகேட்டு. சுஃபியான் பாய் நம்ம தோஸ்து, ஏமாத்த மாட்டாருன்னு வியாசர்பாடி பூரா சொல்லிகினு திரியறவன் நானு. எனக்கேவா?

பாட்டு வருது பாய், யாரு வரலன்னா? டிரம்மு வருது, பாடறவன் கத்தறான், எல்லாம் கீது. ஒண்ணு மட்டும் இல்ல. அதான் எனக்கு டவுட்டு.

மஞ்ச அட்ட தெரியுமா உனுக்கு? ஆல்பம் பாய். அதும்பேரு யாருக்குத் தெரியும்? ராயபுரத்துல ஜெரின்னு என் கூட்டாளி. அவங்கப்பா கப்பல்ல வேல செஞ்சாரு, வர்றப்பல்லாம் இங்கிலீஷு ராக்கு கேசட்டு கொணாருவாரு. எங்களுக்கு அட்டதான் பேரு. குதிர அட்ட, ஒத்தக்கண்ணு அட்ட, மஞ்ச அட்ட. மஞ்ச அட்டைல மூணாவது பாட்டு. கிடாரு ஓடிகினே இருக்கும், டக்குனு எல்லாம் நின்னுடும். ஒரு மூச்சு வுடற நேரம். அதுல டிரம்மு பக்கத்துல நிக்கற சிம்பல் தட்ட நகத்தால தட்னா மாரி ஒரு டிங். அப்பால மொத்தமா வந்து வுழும். டேய் பீம்ராவு, இப்ப வரும் பாருன்னு ஜெரிதான் காட்டிக் குட்த்தான். எனக்குப் பதினாறு வயசு. அந்த ஒரு டிங்குலதான் இந்தப் பைத்தியமே புடிச்சுது.

சாத்தாங்காட்டுல இருவது வருசமா இரும்புத் தகடு அறுக்கறேன். மிசினு நாளெல்லாம் கத்தும், நான் பாட்டுக்கு மனசுல மஞ்ச அட்டய ஓட்டிகினு இருப்பேன். அது இல்லன்னா என்னிக்கோ ஓடிப் போயிருப்பேன்.

இப்ப போன்ல போட்டா அந்த டிங்க காணோம். மொதல்ல, போன்ல பாட்டு வுடறவன்தான் வெட்டிட்டான்னு நெனச்சேன். ஜெரி வூட்டுக்குப் போயி பழைய கேசட்டயே போடச் சொன்னேன். அதுலயும் இல்ல. ஆனா அவன், கரெக்டா அந்த எடத்துல என்னப் பாத்து கண்ண சிமிட்டறான். நடிக்கறான் பாய். கேசட்டு தேஞ்சுபோச்சுன்னு ஒத்துக்க மனசு வரல அவனுக்கு.

சரி, இப்ப நீ மாட்டு. மாட்டு பாய், கஸ்டமரு நிப்பான். டிங் கேட்டா வெரலத் தூக்கு. போடறேன்.

தூக்கற.

இன்னொரு வாட்டி. என் மூஞ்சியப் பாக்காத, அந்தாண்ட திரும்பி நில்லு.

மறுபடியும் கரெக்டா தூக்கற பாய்.

சரி. எட்போனு நல்லாத்தான் கீது. குடு. வேற வேணாம், இதே இருக்கட்டும்.

ஒண்ணுமில்ல பாய், கொஞ்சம் பயமா கீது, அவ்ளோதான். போன வாரம் என் பொண்ணு மகிழினி காதாஸ்பத்திரிக்கு இட்டுகினு போச்சு. கண்ணாடி ரூம்புல குந்த வெச்சி, இதே மாரி காதுல மாட்டி, சத்தம் கேட்டா வெரலத் தூக்குங்கன்னாங்க. மொதல்ல பூம், பூம்னு வந்துச்சு, தூக்கினேன். அப்பால ரொம்ப நேரம் கம்முனு கீது. கண்ணாடிக்கு அந்தாண்ட அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு சத்தம் வுடற பட்டன அமுக்கிகினேதான் இருந்துச்சு. உங்க மிசினு ரிப்பேருன்னு அதுகூட சண்ட போட்டுட்டு வந்துட்டேன்.