குழல்ல ஒரு கோளாறும் இல்ல

வேண்டாம் வெண்டல், துப்பாக்கிய அந்த வைஸ் இடுக்கியில மாட்டாத. மெஷின நிறுத்துப்பா முதல்ல. குழல்ல ஒரு கோளாறும் இல்ல.

தெரியும், எமில் உனக்கு ஃபோன் பண்ணாரு. மார்செல்லா துப்பாக்கியக் கொண்டு வருவா, பழைய குழலக் கழட்டிட்டுப் புதுசு மாட்டுன்னு சொன்னாரு. என் புருஷன் பேசினா பக்கத்து வீட்டுக்கே கேக்கும், எனக்குக் கேக்காதா? உனக்குத் தொழிலே தெரியாதுங்கற மாதிரி அரை மணி நேரம் பாடம் எடுத்தாரு, நீயும் உம் உம்னு கேட்டுக்கிட்ட. கான்வென்ட்லயும் நீ அப்படித்தான். எனக்கு ரெண்டு கிளாஸ் கீழ, எந்த சிஸ்டர் திட்டினாலும் தலைய ஆட்டிக்கிட்டு நிப்ப.

காபி வேண்டாம். உன் காபிய ஒரு தடவை குடிச்சிருக்கேன், போதும். உக்காரு. இல்ல, ஆண்டன் உள்ள வரமாட்டான். என் தம்பிக்கு இந்தக் குளிரெல்லாம் ஒண்ணும் பண்ணாது, வண்டியிலயே இருக்கட்டும். உன் நாய மட்டும் கூப்பிடு. வந்ததுலேருந்து என் வண்டியவே சுத்திச் சுத்தி வருது.

ஆமாப்பா, நாளைக்கு ஞாயித்துக்கிழமையோட வேட்டை சீசன் முடியுது. எனக்குச் சொல்றியா? பர்மிட்டே என் பேர்லதான இருக்கு! கூத்து அங்கதான ஆரம்பிச்சுது. எமில் இருபத்தெட்டு வருஷமா மொன்டானா சர்க்காரோட குலுக்கல்ல காட்டுச் செம்மறிக் கடாவுக்கு மனு போடறாரு. ஒரு தடவை கூட விழல. இந்த வசந்தத்துல, சும்மா கிடக்கட்டும்னு, முட்டை பொரிச்சிட்டிருந்த என்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கி என் பேர்லயும் போட்டாரு. எனக்கு விழுந்திருச்சு. முதல் தடவையிலயே! ரெண்டு நாள் மனுஷன் பேசல. மூணாவது நாள் வந்து, நமக்கு விழுந்திருச்சு மார்செல்லாங்கறாரு. நமக்காம். சட்டப்படி சுட வேண்டியவ நான். அவரக் கேட்டா, நான் விரல மட்டும் கொண்டு வந்தாப் போதும், மிச்சமெல்லாம் அவரு பாத்துப்பாரு.

சுடத் தெரியுமாவா? ஜூன், ஜூலை முழுக்க அவரு போன வருஷம் செஞ்சு வச்ச தோட்டாவுல பழகினேன். ஜாமெட்ரி எடுத்த சிஸ்டர் அல்ஃபோன்சா ஞாபகமிருக்கா? மூச்ச அடக்கு, அப்புறம் கோடு போடுன்னு ஸ்கேலால முதுகுல தட்டுமே, அதத்தான் செய்யறேன். முந்நூறு கஜத்துல கறி வச்சு மடிச்ச ஒரு பேஸ்டி அகலத்துக்குத் தட்ட வச்சா தட்டுலயே அடிக்கறேன்.

பிரச்சனை தோட்டாவுல வந்துச்சு. கடையில விக்கற தோட்டான்னா எமிலுக்கு ஆகாது. நான் கடைத் தோட்டா வாங்கறதும் ஒண்ணுதான், வேற ஆம்பளையோட டான்ஸுக்குப் போறதும் ஒண்ணுதான். வீட்லயே கட்டுவாரு. பித்தளைக் கூடு, அதுக்கு அடியில பொறி வைக்கற கேப், வெடிமருந்து, குண்டு, ஒவ்வொண்ணையும் அளந்து, எடை போட்டு. ஆகஸ்ட்ல கடாவுக்குன்னு விசேஷமாக் கட்டினாரு பாரு, முதல் வெடியிலயே தோட்டாவப் பூட்டற போல்ட் இறுகிப்போச்சு. உள்ளங்கையால குத்தினாரு, அசையல. விறகுக் கட்டையால தட்டித்தான் திறந்தாரு. கூட்ட எடுத்துப் பாத்தா, கேப் சப்பையா நசுங்கிக் கிடக்கு, பின்பக்கம் பளபளன்னு ஒரு தழும்பு. உள்ள அழுத்தம் தாறுமாறா ஏறுதுன்னாரு. எப்பவும் போடற அதே அளவு மருந்துதான். குறைச்சுப் போட்டு இன்னும் ரெண்டு சுட்டாரு, அப்பவும் அதே கதை. அன்னைக்கு வச்சதுதான் துப்பாக்கிய. மூணு மாசமா ஒரு வெடி இல்ல, ஆராய்ச்சிதான்.

முதல்ல தராசு மேல சந்தேகம். தினம் காலையில என் கல்யாண மோதிரத்தக் கழட்டி எடை போடுவாரு. நகைக்கடைச் சீட்ட வேற எங்கேருந்தோ தேடி எடுத்துட்டாரு. ஒரு வாரம் கழிச்சு, தராசு சரியாத்தான் இருக்கு மார்செல்லா, உன் மோதிரம் தேஞ்சிருக்குன்னாரு. இருபத்தாறு வருஷம் உங்க சட்டியத் தேச்சாத் தேயாம என்ன பண்ணும்னேன். அதையும் நோட்டுல எழுதிக்கிட்டாரு!

அப்புறம் பித்தளை. இருநூறு கூட்டையும் சாப்பாட்டு மேசையில நிக்க வச்சு, கண்ணு மருந்து விடற ஃபில்லரால தண்ணி ஊத்தி, எதுல எவ்வளவு கொள்ளுதுன்னு கணக்குப் பாத்தாரு. மூணு வாரம் நாங்க நின்னுக்கிட்டே சாப்பிட்டோம். அப்புறம் சூடு. பத்து தோட்டா ஃப்ரிட்ஜ்ல, வெண்ணெய்க்குப் பக்கத்துல. பத்து தோட்டா அவரு சட்டைப் பையில, உடம்புச் சூட்டுக்கு. என் கறித் தெர்மாமீட்டர வச்சு மணிக்கு ஒரு தடவை ஜுரம் பாக்கறாரு. போன மாசம் பூசையில முழங்கால் போடும்போது ஒண்ணு விழுந்து உருண்டு, நேரா ஃபாதர் காலடியில போய் நின்னுச்சு. நான் பாட்டுப் புஸ்தகத்துக்குள்ள மூஞ்சிய வச்சுக்கிட்டேன்.

அதுவும் இல்லன்னதும் ஆளுங்க மேல சந்தேகம். கூடெல்லாம் ஆண்டன் குடுத்ததாச்சே, அவனுக்கு நாலு பக்கம் லெட்டர், படம் போட்டு. ஆண்டன் ஒரே வரியில பதில் எழுதினான். அத நான் வாயால சொல்ல முடியாது, கான்வென்ட்ல படிச்சவ. கடைசியா நீ. ஒம்போது வருஷம் முன்னாடி வெண்டல் மாட்டின குழல்தான் எல்லாத்துக்கும் காரணம்னு முடிவு கட்டிட்டாரு.

எல்லாத்தையும் சந்தேகப்பட்டாரு வெண்டல், மருந்து டப்பாவ மட்டும் விட்டுட்டாரு. எட்டு பவுண்டு டப்பா. எல்லாத் தோட்டாவுக்கும் ஒரே டப்பா மருந்து, இந்த வீட்ல மாறாத விஷயம் அது ஒண்ணுதான்னு பெருமையாச் சொல்லுவாரு.

சிரிக்காத, நான் இன்னும் சொல்லவே இல்ல.

ஏப்ரல்ல பேஸ்மென்ட்ல துணி காயப்போட்டேன். உன் ஈரத் துணியால என் மருந்து நமத்துப் போகுதுன்னு ஒரு சண்டை. சரி, மனுஷன் குறைப்படறாரேன்னு, ஷூ பெட்டியில, வைட்டமின் பாட்டில்ல குட்டிக் குட்டியாப் பொட்டலம் வருமே, ஈரத்த உறிஞ்சறது, தின்னாதேன்னு கூட எழுதியிருக்கும். நான் எதையும் தூக்கிப் போடறவ இல்ல, ஒரு ஜாடி நிறைய சேத்து வச்சிருந்தேன். நாப்பது பொட்டலத்த அந்த டப்பாவுக்குள்ள போட்டு, மரக்கரண்டிக் காம்பால அடி வரைக்கும் அமுக்கி விட்டேன். மூடி வச்சேன். மறந்துட்டேன். அவரு மேலாப்புல எடுத்து எடுத்துக் கட்டறாரு, அது அடியில உக்காந்து இருக்கற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிட்டிருக்கு.

போன வாரம் அலமாரி துடைக்கும்போது அவரு புஸ்தகத்தத் திறந்தேன். மருந்து அளவுக்கு மீறிக் காஞ்சா வேகமா எரியும், அழுத்தம் ஏறும்னு போட்டிருக்கான். துணியக் கையில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேன்.

சொல்லாம இருப்பேனா? போய்ச் சொன்னேன். எமில், மருந்து ரொம்பக் காஞ்சிருந்தான்னு ஆரம்பிச்சேன். நிமிந்து கூடப் பாக்கல. மருந்து என்ன நீ சுடற ரொட்டியா மார்செல்லா, காஞ்சு போகங்கறாரு. வாய மூடிக்கிட்டேன். நீ இருந்தா நீயும் மூடியிருப்ப.

வியாழக்கிழமை, ஞாயித்தோட முடியுதேன்னு கேட்டேன். குழல் மாத்தாம ஒரு அடி நகரக்கூடாது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னாரு. அடுத்த வருஷமாம்! இருபத்தெட்டு வருஷம் காத்துக் கிடந்த மனுஷன் பேசற பேச்சா இது? பர்மிட்ல இந்த வருஷந்தான போட்டிருக்கு. திரும்ப எனக்கு விழும்போது நான் கல்லறையில இருப்பேன்.

நேத்து காலையில துப்பாக்கிய என் கையில குடுத்து உன்கிட்ட அனுப்பினாரா, நான் நேரா ஹார்டுவேர் கடைக்குப் போனேன். பனி வார்ற மண்வெட்டிக்குப் பக்கத்துலயே தோட்டாவும் அடுக்கி வச்சிருக்கான். ஒரு பெட்டி, இருபது. யாராவது பாத்துடப் போறாங்கன்னு மேல மாவுப் பையப் போட்டு மூடிக்கிட்டேன். ஆண்டன் வீட்டுப் பின்னாடி பலகை வச்சு மூணு சுட்டேன். போல்ட் அப்படியே வழுக்கிக்கிட்டு வருது. கைய நீட்டு, இந்தா கூடு. கண்ணாடியப் போட்டுப் பாரு. கேப் ஓரமெல்லாம் உருண்டையா இருக்கா? தழும்பு இருக்கா? அப்ப உன் குழல்ல என்னய்யா கோளாறு?

நேத்தே வந்திருக்கலாம்தான். வழியில ஒரு வேலை இருந்துச்சு.

என்ன எண்ணிக்கிட்டிருக்க? ஆமா, மூணுன்னுதான் சொன்னேன். ஆமா, உன் கையில நாலு இருக்கு.

ரெண்டரை மணி இருக்கும். இருநூத்தி அம்பது கஜம். பாறை மேல நின்னு என்னையே பாத்துச்சு. மூச்ச அடக்கினேன், கோடு போட்டேன், அவ்வளவுதான். கொம்பு ஒரு முழுச் சுத்து சுத்தியிருக்கு வெண்டல். பர்மிட்டோட வந்த டேக்க அதுமேல கட்டியாச்சு, எல்லாம் முறைப்படி. கறிய நானும் ஆண்டனும் நாலு நடையா இறக்கினோம், இன்னைக்கு முழங்கால் மடங்கல. தலைய என் பழைய பெட்ஷீட்ல சுத்தி வண்டியில வச்சிருக்கேன், அதுக்குத்தான் ஆண்டன் காவல், அதுக்குத்தான் உன் நாயோட சுத்தலும். நீ தலை பாடம் பண்றதாவும் போர்டுல போட்டிருக்க இல்ல?

எமிலுக்கா? தெரியாது. ராத்திரி வீட்டுக்கு வந்து நின்னேன், துப்பாக்கி குடுத்துட்டியான்னாரு, நாளைக்குன்னேன், சரின்னுட்டு மறுபடி எடை போட உக்காந்துட்டாரு. அந்தப் பாறைக்குக் கீழ அவரும் இருந்திருக்கணும். சரி, விடு.

நீ ஃபோன் போட்டு, குழல் நல்லாருக்குன்னு மட்டும் சொல்லு. பொட்டலத்த நானே ஒத்துக்கறேன். கடாவையும் நானே சொல்லிக்கறேன். ஒரு வாரம் பேசமாட்டாரு, அப்புறம் நாம சுட்டோம்னு ஊரெல்லாம் சொல்ல ஆரம்பிச்சிருவாரு. ஆனா எந்தத் தோட்டான்னு கேப்பாரு பாரு, அதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன். நீ உன் கையால கட்டிக் குடுத்ததுன்னு சொல்லிரு. பொய்தாம்ப்பா, ஃபாதர்கிட்ட நான் சொல்லிக்கறேன். இந்தா, மிச்சம் பதினாறு, பெட்டியோட உன் அடுப்புல... ஐயோ வேண்டாம், அலமாரியில எங்கயாவது பின்னாடி வை. கடைத் தோட்டான்னு தெரிஞ்சா அந்த மனுஷன் தாங்கமாட்டாரு.