பி-402 பொண்ணு

இருங்க, இருங்க. குழந்தை வளர்ப்பைப் பத்திப் பேசச் சொல்லி மைக்கைக் கையில கொடுத்துட்டீங்க. வெறும் உபதேசம் பண்ணினா நீங்களும் தூங்கிடுவீங்க, நானும் தூங்கிடுவேன். அதனால நடுவுல குட்டியா ஒரு கதை. அந்தத் தட்டுல இருக்கிற பஜ்ஜி ஆறுறதுக்குள்ள முடிச்சிடறேன்.

திருச்சியில நான் குடியிருக்கிற அடுக்குமாடி இருக்கே... அது குடியிருப்பு இல்லீங்க, கோட்டை. நூத்தி எண்பது வீடு, தொண்ணூத்தாறு கேமரா. கேட்டுக்குள்ள ஒரு எறும்பு நுழைஞ்சா நாலு கோணத்துல பதிவாகும். அங்க பிள்ளை வளர்க்கிற அழகை என்னன்னு சொல்ல? பதிமூணு வயசுப் பையன் பல் தேய்ப்பான். அம்மா கண்ணாடி பிடிப்பாங்க, அப்பா டார்ச் அடிப்பார். அவன் லிப்டுல தனியா ஏறி இறங்கிட்டா அன்னைக்குக் குலதெய்வத்துக்குப் பொங்கல்.

இப்பேர்ப்பட்ட பூமியில... ஒன்பது வயசுப் பொண்ணு ஒருத்தி, சாயந்திரம் அஞ்சு மணிக்கு, துணிப்பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, தனியா கேட்டைத் தாண்டிப் போறா. எங்க போறா? செவ்வாய் கிரகத்துக்கா? அரைக் கிலோமீட்டர்ல இருக்கிற நூலகத்துக்கு. புத்தகத்தை மாத்திட்டுத் திரும்பிடுவா. அவ பேரு குயிலி. அம்மா வாசுகிக்கு போஸ்ட் ஆபீஸ்ல வேலை, வீடு வந்து சேர ஆறு மணி ஆகும். அப்பா மஸ்கட்ல.

எங்க வாட்ஸ்அப் குழு கொதிச்சுப் போச்சு. ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொல்றதையே நிறுத்திட்டாங்கன்னா பார்த்துக்குங்க. பத்து நாள்ல பதினேழு போட்டோ. பொண்ணு போறா. பொண்ணு வர்றா. பொண்ணு குனிஞ்சு செருப்பை மாட்டுறா. சங்கச் செயலாளர் தண்டபாணி, ஐ.நா. சபையில முழங்குற தோரணையில ஒரு ஆடியோ போட்டார். கேட்க நாதியில்லாத பிள்ளையாம். அதோட விட்டாரா? பத்து ஒன்பது எட்டுக்கு, அதான் குழந்தைகள் உதவி எண்ணுக்கு, புகாரும் கொடுத்துட்டார்.

வாசுகி வீட்டுக்கு அமலதாஸ்னு குழந்தைகள் நல அதிகாரி ஒருத்தர் வந்தார். பொறுமையான மனுஷன். பிள்ளை என்ன சாப்பிடும், சாவி யார்கிட்ட, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடும்னு எல்லாத்தையும் விசாரிச்சு எழுதிக்கிட்டார். எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டு வாசுகி ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"சார்... பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடுவீங்களா?"

"அவ போற வழியை நான் பார்க்கணும்மா. நாளைக்கு எப்பவும்போலப் போகட்டும். நான் பின்னால வருவேன். அவகிட்ட சொல்லாதீங்க."

இது சரிப்படாதுன்னு அவர் எழுதிட்டா, வேலையை விடுறதைத் தவிர அந்த அம்மாவுக்கு வேற வழி கிடையாது. அது அவங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மறுநாள் அஞ்சு மணி. முன்னால குயிலி. இருபதடி பின்னால, முகத்தைப் பேப்பரால மறைச்சுக்கிட்டு அமலதாஸ். பெரிய துப்பறியும் சிங்கம்னு நினைப்பு.

இஸ்திரி வண்டி ஏகாம்பரம் பெட்டியைக் கீழ வெச்சார். யாரைத் தேடுறீங்கன்னு கேட்டார். சும்மா நடக்கிறேன்னார் அதிகாரி. நடங்க சார், ஆனா எங்க குயிலி போற பக்கம் நடக்காதீங்கன்னார் ஏகாம்பரம். அங்கேயிருந்து தப்பிச்சா பூக்கடை மேரி. கட்டின பூவை அப்படியே போட்டுட்டு எழுந்து நின்னு, அவரை உச்சி முதல் பாதம் வரைக்கும் ஒரு பார்வை... அந்தப் பார்வையில சட்டை பட்டன் ரெண்டு தெறிச்சிருக்கும்.

அதுக்குள்ள குயிலி என்ன பண்ணினா தெரியுமா? நேரா நூலகத்துக்குப் போகல. ஆட்டோ ஸ்டாண்டுக்குத் திரும்பினா.

"நஸீர் அண்ணே, ஒருத்தர் எங்க கேட்டுலேர்ந்து என் பின்னாடியே வர்றார். பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருக்கார்."

அவ்வளவுதான். நாலு ஆட்டோ, எட்டுக் கை. நம்ம அதிகாரியைப் பின்சீட்டுல உட்கார வெச்சு, ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் உட்கார்ந்துட்டாங்க. அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். இதை யார் வேணா அச்சடிக்கலாம், நாலாங்கிளாஸ் படிக்கிற பிள்ளை சார், அதோட அம்மா வந்து சொல்லட்டும்னுட்டார் நஸீர். மரியாதைக்கு ஒரு டீ மட்டும் வந்தது. குயிலி சாவகாசமாப் போய்ப் புத்தகத்தை மாத்திட்டு வந்தா. வாசுகி வந்து, ஆளைப் பார்த்து அடையாளம் சொன்ன பிறகுதான் அரசாங்கத்துக்கு விடுதலை.

அமலதாஸ் நேரா எங்க சங்க அறைக்கு வந்தார். தண்டபாணி கம்பீரமா எழுந்து நின்னார், பக்கத்துல நானும் இருந்தேன்.

"புகார் கொடுத்தது தப்பில்ல சார். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தப் பிள்ளை பேரு என்ன?"

தண்டபாணி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அது... பி-402 பொண்ணு சார்."

"இஸ்திரிக்காரருக்குப் பேர் தெரியுது. ஆட்டோக்காரருக்கு அவ எந்த வகுப்புன்னு தெரியுது. நீங்க பதினேழு போட்டோ எடுத்திருக்கீங்க." நோட்டை மூடினார். "அடி வாங்குற பிள்ளை, பட்டினி கிடக்கிற பிள்ளை, பூட்டி வெச்ச பிள்ளை... அதுங்க தினம் அஞ்சு மணிக்குப் புத்தகம் மாத்தப் போகாது சார். உங்க கேமராவுல வராது. அதுங்களுக்காகக் கூப்பிடுங்க. சந்தேகம்னாலே கூப்பிடுங்க, நூறு தடவை வர்றேன்."

குயிலி இன்னைக்கும் நூலகத்துக்குப் போறா. வாசுகி இன்னைக்கும் போஸ்ட் ஆபீஸ்ல முத்திரை குத்துறாங்க.

ஐயாமார்களே, அம்மாமார்களே... தண்டபாணியை நினைச்சுச் சிரிச்சீங்க இல்ல? அவர் ஆடியோவுக்குக் கட்டைவிரல் உயர்த்தினவங்க அறுபத்திரண்டு பேர். அதுல ஒண்ணு... இதோ, மைக்கைப் பிடிச்சிருக்கிற இந்த விரல். பார்க்கிறது வேற, பார்த்துக்கிறது வேறன்னு இந்த விரலுக்கு அம்பத்தெட்டு வயசுலதான் தெரிஞ்சது.

பிள்ளையைத் தனியா விடலாமா, கூடாதா? எத்தனை வயசுல விடலாம்? மேடையில வெச்சு என்னைக் கேட்காதீங்க. அந்தத் தெருவுல அதுக்குப் பேர் இருக்கான்னு கேளுங்க. பயம் வந்தா யார்கிட்ட ஓடணும்னு அதுக்குத் தெரியுமான்னு கேளுங்க. ரெண்டுக்கும் இல்லைன்னு பதில் வந்தா... முதல்ல நீங்களே போய் அதுகிட்ட பேசுங்க. பேசும்போது அந்தப் பிள்ளை மிரண்டுச்சுன்னா, உடனே பத்து ஒன்பது எட்டுக்குப் போனைப் போடுங்க. யோசிக்கவே யோசிக்காதீங்க.

சரி, இறங்கறதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்வி. உங்க மாடியில, எதிர் வீட்டுல ஒரு பிள்ளை இருக்கு இல்ல... அது பேரு என்ன?

...

பாருங்க. பஜ்ஜி ஆறிப் போச்சு.