பூட்டு உள்ள லிஃப்ட்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“இனிமே நீங்க காருக்கு அடியில படுத்தா, நானும் பக்கத்துல வந்து படுத்துக்குவேன்” என்றார் அந்த அம்மா.

நான் காதைக் கொடுத்தேன். கணவர் வீட்டுக் கொட்டகையிலேயே கார்களைப் பழுது பார்ப்பவர் என்பது பேச்சில் புரிந்தது. போன மாதம் ஜாக்கி நழுவி, கார் அவர் தோளை அழுத்திவிட்டது. இந்த அம்மாதான் ஓடிவந்து, ஜாக்கியை மறுபடி ஏற்றி, அவரை வெளியே இழுத்திருக்கிறார்.

“அதுக்குத்தான வண்டியத் தூக்கி நிறுத்தற லிஃப்ட் வாங்கப் போறோம். சின்னதே போதும். வேலை முடிஞ்சா நானே தள்ளி ஓரங்கட்டிருவேன்.”

“அதுல தூக்கின வண்டிய இறங்கவிடாம புடிச்சுக்கற பூட்டு இல்லைங்கறீங்களே. எண்ணெய் கசிஞ்சா வண்டி இறங்கிடாதா?”

“பூட்டு உள்ளது ரொம்ப கனம். இந்தத் தோளை வச்சிக்கிட்டு ஒத்த ஆளா நகத்த முடியாது.”

“நான் தள்ளறேன். வூட்டுல நான் எதுக்கு இருக்கேன்?”

அவர் சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “அன்னிக்கு எனக்குக் கத்தக்கூட மூச்சு வரலையே. நீ எப்படி ஓடியாந்த?”

“நீங்க பாடிக்கிட்டேதான வேலை பாப்பீங்க. பாட்டு பாதியில நின்னுபோச்சு.”

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். லிஃப்ட் விற்கும் கடையைக் கூப்பிட்டார்.

“சார், அந்தப் பூட்டு உள்ள லிஃப்டையே எடுத்து வைங்க. நகத்தறதுக்கு எங்க வூட்டுல ரெண்டு பேர் இருக்கோம்.”