கடைசிப் பாடத்தில் காலியாய் விட்ட கேள்வி

அட, சர்ட்டிபிகேட்டை எங்கிட்டயே குடுங்க உபதேசியாரே. இந்திராணி கையிலதான் குடுக்கணும்னு மாதா கோயில் சாமியாரு சொன்னாரா? எம் மருமவதானே, நான் முழுங்கிடவா போறேன்? இங்க, கூடத்துலயே உக்காருங்க. காபி குடிங்க. அதுல ஒண்ணும் கலக்கலை. சும்மா வேடிக்கைக்குச் சொன்னேம்பா, டம்ளரை ஏன் கீழ வெக்கிறீங்க?

தெரியும், தெரியும். மாற்கு நற்செய்தி, தபால்ல பன்னெண்டு பாடம். பதினொண்ணுக்கு நூத்துக்கு நூறு போட்டீங்க. நற்செய்தியாம்! நாங்க கான்வென்ட்டுல படிக்கிறப்போ சுவிசேஷம், இயேசுவும் சேசுவாத்தான் இருந்தாரு. நாங்க விபூதி பூசாம சோத்துல கை வெக்காத குடும்பம்தான். ஆனா மதர் விரல் முட்டியில ஸ்கேலால போட்டாங்கன்னா எல்லா மதமும் மனப்பாடம் ஆயிடும்.

கடைசிப் பாடத்துல ஒரு கேள்வியைக் காலியா விட்டுட்டா, ஏன்னு கேக்க வந்தீங்க. அதானே? மூணு பொம்பளைங்க விடியறப்போ சேசுவோட கல்லறைக்குப் போறாங்க. கல்லு புரண்டு கிடக்குது. உள்ள வெள்ளை அங்கி போட்ட ஒரு வாலிபன், அவரு உயிர்த்துட்டாரு, போய்ச் சொல்லுங்கங்கறான். இவளுங்க ஓட்டமா ஓடி, ஒருத்தர்கிட்டயும் வாயே திறக்கலை. ஏன் திறக்கலைன்னு கேட்டிருக்கீங்க. பயம்னு வசனத்துலயே இருக்குது. ஆனா உங்க குறிப்பு அதோட விடுதா? சில பழைய ஏடுங்க அந்த எட்டாம் வசனத்தோட நின்னுடுதாம், அதுக்கப்புறம் வர்ற பன்னெண்டு வசனத்தையும் திருச்சபை வேதம்னு ஏத்துக்கினு இருக்குதாம், அதனால பயத்தோட நிறுத்தாம மேல படிக்கணுமாம். மேலயும் படிச்சேன். மதலேன் மரியா போய்ச் சொல்றா. சொன்னா ஒருத்தனும் நம்பலை.

ஆமா, நான்தான் படிச்சேன். அஞ்சாம் பாடத்துலேர்ந்து எழுதினதும் நான்தான். கையெழுத்து மாறினது கூடவா தெரியலை? ஒவ்வொரு தாளையும் சிவப்பு இங்க்குல அவ்ளோ அக்கறையா திருத்தினீங்களே!

அந்தச் சிவப்பு இங்க்தான் வினை. அன்புள்ள சகோதரி, உங்கள் பதில் என் மனதை உருக்கியது, நிறுத்தாமல் எழுதுங்கள், இப்படிக்கு தேவசகாயம்னு நாலாம் பாடத்து ஓரத்துல எழுதினீங்க. எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவீங்களா? இருக்கும்பா, எனக்குப் புரியுது. எம்மவன் பரசுராமனுக்குப் புரியணுமே. அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். தறிக்குழியில சாக்குக்கு அடியில அவ ஒளிச்சு வெச்சிருந்த தாளு அவன் கையில மாட்டிச்சு. ஒரு ஆம்பளை, ஊராமூட்டுப் பொண்டாட்டிக்கு அன்புள்ளன்னு எழுதினா அவன் என்னன்னு எடுத்துப்பான்? டேய், அது வேதம்டானு கத்தினேன். ஒரே அடி. தறிக்கட்டையில அவ தலை மோதிச்சு.

தெருவுல, இந்திராணி அம்மா வீட்டுக்குப் போயிருக்கானு சொல்லிக்கினு இருக்கோம். வாலாஜாபாத்துல இருக்கிற அவங்கம்மாவுக்கு மாசா மாசம் மக எழுதறாப்பல கடுதாசி போவுது. அதுவும் எங்கையெழுத்துதான். மீதிப் பாடத்தை எம்மவன்தான் பக்கத்துலயே உக்காந்து எழுத வெச்சான். முடியறப்போ ஏதாச்சும் ஒண்ணைக் காலியா விடும்மா, கேக்கறதுக்கு அந்தாளே வருவான்னான். எதை விடறதுன்னு மட்டும் நான் முடிவு பண்ணேன்.

பதறாதீங்க. சத்தம் போடாம எந்திரிங்க. நீங்க உக்காந்திருக்கிற எடத்துலதான் அவ தறி இருந்துச்சு. நெய்யறப்போ காலைத் தொங்கவிடற குழி, அதை மண்ணு போட்டு மூடி, மேல சிமெண்டு பூசிட்டான். அவ அங்கதான் இருக்கா.

நேத்து அவனோட தறியையும் பிரிச்சுட்டான். அந்தக் குழி காலியாத்தான் கிடக்குது. ஏன்டா பிரிச்சேன்னேன். உபதேசியாரு வரட்டும்னான்.

பட்டு நூலு வாங்கப் போயிருக்கான், வர்ற நேரம்தான். இப்படிப் பின்கட்டு வழியா போங்க, சந்து நேரா பெரிய தெருவுல கொண்டு விடும். வாலாஜாபாத்துல இந்திராணியோட அம்மா பேரு நீலாம்பாள், அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. யாரு சொன்னாங்கன்னு கேப்பாங்க. நான் சொன்னேன்னே சொல்லுங்க.